பாலை நிறுத்திய இரண்டு வாரம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறைதான் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரோ வேறெதுவோ, பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டது. உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்ததில் வாந்தி நின்றது, காய்ச்சலும் விட்டது. போக்கு மட்டும் பத்து நாளாகியும் நிற்கவில்லை.

“பல்லு மொளைக்குது, அப்படித்தான் போகும்” என்றாள் மதினி.

பிள்ளை இளைத்துப் போனாளே என்று பால்காரரிடம் கூடுதலாக அரை லிட்டர் வாங்கி மூன்று வேளையும் புகட்டினேன். குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக் கடமுடவென்று சத்தம் கேட்கும். உடனே போய்விடுவாள். பின்புறம் வெந்து சிவந்து, கழுவிவிடத் தண்ணீர் தொட்டாலே வீரிட்டு அழுதாள். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்று லீவு சொல்லிவிட்டு வந்தார். கிளம்புமுன் உள்ளூர் டாக்டரம்மாவிடம் ஒருமுறை காட்டிவிடுவோம் என்று போனோம்.

அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “நுரை நுரையா போகுதா? புளிச்ச வாடை அடிக்குதா?” என்று கேட்டார்.

“ஆமா டாக்டரம்மா.”

“பால் குடுக்குதீங்களா?”

பெருமையாகச் சொன்னேன், மூன்று வேளையும் என்று.

“முதல்ல அதை நிறுத்துங்க. குடலுக்கு உள்ள மெல்லிசா ஒரு தோல் இருக்கு. வேண்டியதை உடம்புக்குள்ள விடும், கிருமியைத் தடுத்து நிறுத்தும். இந்தப் போக்குல அது நைஞ்சுபோச்சு. பாலைச் செரிக்கிற சத்து அந்தத் தோல்லதான் இருக்கு. இப்ப பால் குடுத்தா செரிக்காம புளிச்சு வெளியே வந்துரும்.”

பிள்ளையை அணைத்துக்கொண்டு கேட்டேன், “குடல் கெட்டுப்போச்சா?”

“ஏம்மா, முழங்கால் சிராய்ச்சா புதுத்தோல் வருதுல்லா? உள்ள இருக்கிற தோல் அதைவிட வெரசா வளரும். சோத்தைக் குழைச்சுப் பருப்பு போட்டுக் குடுங்க. தயிர் கொஞ்சம் தாங்கும். கரைசலை விட்டுராதீங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் பால் குடுத்துப் பாப்போம்.”

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், “அப்ப மதுரை வேண்டாம்லா?” என்று என்னிடமே இரண்டு தடவை கேட்டார். நான் அழுதேன். நல்லது என்று நினைத்துப் புகட்டியதே பிள்ளையைப் படுத்தியிருக்கிறது என்ற வருத்தம் ஒருபக்கம், இவ்வளவுதானா என்ற நிம்மதி மறுபக்கம். நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

நான்காம் நாள் காலையில், பத்துப் பதினைந்து நாளுக்குப் பிறகு, மகள் கெட்டியாகப் போனாள். “இங்கன வந்து பாருங்க!” என்று கத்தினேன். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நுரைவாயோடு ஓடி வந்தார். இருவரும் குனிந்து நின்று, பார்க்கக் கூடாத அதைப் பார்த்துச் சிரித்தோம்.