ஆடி முடியாத வீடு

கிணற்றடியிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சிறிய ஏற்றம். முதல் பேறுகாலத்துக்கு வந்து பெண் பெற்றிருந்த என் மகள் சரசு, அந்த ஏற்றத்தின் நடுவில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். குடத்தில் பாதித் தண்ணீர்கூட இல்லை.

"ஏம்மா நின்னுட்டே?"

"மூச்சு பின்னால வந்துட்டு இருக்குதுங்கப்பா. அதுவும் வரட்டும்னு நிக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பிறகு படுத்தால் இருமல் வந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்கத் தொடங்கினாள்.

நான் மலையாள நாட்டில், சித்தூருக்குக் கிழக்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர். மனைவி இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மற்ற இரண்டு பிள்ளைகளும் வெளியூரில். ஆகவே ஒரு தாய் செய்ய வேண்டிய வேலைகள் என்னிடம் வந்தன. இதை எழுதக் காரணம், இதே நோயோடு ஒரு பெண் உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதுதான்.

எல்லை கடந்து, வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். சிறுவயதில் அவளுக்கு மூட்டுவலியோடு காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டார். வந்தது. கஷாயத்தில் தீர்ந்தது என்று நினைத்திருந்தோம். அது இதயத்தில் தங்கி, மைட்ரல் வால்வை (இதயத்தின் இடப்பக்கத்து மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே உள்ள கதவு) சுருக்கிவிட்டிருந்தது. மாத்திரை, உப்பில்லாச் சோறு, மாதம் ஒரு பென்சிலின் ஊசி. கதவை விரிக்கும் அறுவை சென்னையில் உண்டு, இப்போதைக்கு அவசரமில்லை என்றார்.

"ஆனா இன்னொரு கர்ப்பம் கூடாது. உண்டானா உயிருக்கு ஆபத்து."

சொல்லிவிட்டு மணியை அடித்தார். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

எப்படித் தடுப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெளியே நர்ஸிடம் கேட்டேன். "டாக்டர் சொன்னாரில்லீங்க, பத்திரமா இருக்கச் சொல்லுங்க" என்றார். பத்திரமாக இருப்பது என்றால் என்ன செய்வது என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. சுவர் முழுக்கக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்து வைத்திருந்தார்கள்.

ஊருக்கு வந்ததும் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த ஊழியர் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார்.

"ஒரு குட்டியல்லே ஆச்சு சாரே? அதும் பெண்குட்டி. ரெண்டு ஆகட்டே, ஒண்ணு ஆணாகட்டே. பின்னே கூட்டிட்டு வாங்க, ஓப்பரேஷன் பண்ணலாம்."

ரெண்டாவது வந்தால் அவள் இருக்க மாட்டாள் என்றேன். இதய நோய் என்றதும் அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அப்படிப்பட்டவர்களைக் கருத்தடை முகாமில் எடுக்க மாட்டார்களாம். மேசையில் ஏதாவது ஆகிவிட்டால் கெட்ட பேராம்.

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாருக்கு எத்தனை மக்கள்?"

"மூணு."

"அப்போ சாருக்கு ஓப்பரேஷன் பண்ணாம். கால் மணிக்கூர் போதும். இன்னைக்கு வண்டி உண்டு."

"என் மனைவி இறந்துட்டாங்க."

"அதுக்கெந்தா சாரே? கணக்குக்குக் கேஸ் கேஸல்லே."

அவர் கிண்டல் செய்யவில்லை. தேவைப்பட்டவளுக்கு இல்லை. தேவையே இல்லாதவனுக்கு ஜீப் தயாராக நின்றது.

கோவைக்குப் போய், என்னைத் தெரியாத ஒரு கடையில் ஆணுறை வாங்கினேன். தலை நரைத்த வாத்தியார் கேட்டதைப் பார்த்துக் கடைக்காரர், "பெரியவருக்கு இன்னும் தெம்பு இருக்குது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாப்பிள்ளை நாச்சிமுத்து கெட்டவரல்ல. கடலைக்காடும் கரும்பும் இருக்கின்றன, குடி கிடையாது. பொட்டலத்தை அவர் கையில் வைத்து டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மாமா, இது டவுன்ல அந்த மாதிரி எடத்துக்குப் போறவனுக்குங்க. ஊட்டுப் பொம்பளைகிட்ட இதைப் போட்டா சரசுவுக்குத்தானுங்க அவமானம்."

பொட்டலத்தைத் திருப்பித் தந்தார். மரியாதையாக, இரண்டு கையாலும்.

எனக்கு மிஞ்சியது ஆடி மாதம். எங்கள் பக்கத்தில் கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவோம். ஆடியில் சேர்ந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பதுதான் காரணம். அரசாங்கமும் ஆஸ்பத்திரியும் தராத ஒன்றை அந்த வழக்கம் ஒரு மாதத்துக்குத் தந்தது. புகுந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த சரசுவை அழைக்க, கல்யாணமாகி மூன்றாவது ஆடியில் போய் நின்றேன்.

"ஏனுங்க சம்பந்தி, இன்னுமா தலை ஆடி?" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டார். "உங்கூர்ல வருசத்துக்கு வருசம் புதுப் பொண்ணுங்களா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சரசுவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த ஆடியில்தான் நான் ஒன்றைக் கற்றேன். மாதவிலக்கு நாட்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் சமையலறைக்குள் வருவதில்லை. சரசு வெளி அறையில் இருந்துகொண்டு, "அப்பா, இன்னைக்கு அடுப்பை நீங்க பத்த வையுங்க" என்பாள். வேறு எதுவும் சொல்ல மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். அந்தக் குரல் வரும் நாட்களில் ரசம் புளித்தாலும் எனக்கு மனச்சுமை இறங்கி நிம்மதியாக இருக்கும்.

ஆவணி பிறந்ததும் சம்பந்தியம்மாளே வந்துவிட்டார். டாக்டர் சொன்னதை அவரிடமும் சொன்னேன். பெண்ணுக்கு அறுவை முடியாதென்றால் மாப்பிள்ளைக்குச் செய்யலாம், சின்னத் தையல்தான் என்றேன். அவர் எழுந்து நின்றார்.

"என்ற பையனைக் காயடிக்கறக்கா பொண்ணு குடுத்தீங்க? நாளைக்கு ஏர் புடிக்க நீங்க வருவீங்களா வாத்தியாரே?"

காளைக்குச் சொல்லும் சொல். அதற்குப் பிறகு சம்பந்தி வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சரசு தானே பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். "சண்டை வேண்டாங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள். என்னத்தைப் பார்த்துக்கொள்ள முடியும்? அவள் கையில் எதையும் யாரும் கொடுத்திருக்கவில்லை.

தீபாவளிக்கு வந்தவள் சில வாரம் தங்கினாள். தினமும் அவள்தான் அடுப்பு மூட்டினாள். தினமும். ஒரு காலையில் காப்பித் தம்ளரை வாங்கும்போது எனக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கார்த்திகையில் அவளுக்கு நுரையீரலில் நீர் கோத்தது (சுருங்கிய வால்வுக்குப் பின்னால் இரத்தம் தேங்கி, மூச்சுப் பைகளில் கசிவது). இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தது. வாடகைக் காரில் கோவைக்குக் கொண்டுபோனோம்.

அதே டாக்டர் மாணவர்கள் சூழ வந்தார். பிராணவாயு முகமூடிக்குள் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேனே. படிச்ச குடும்பம்தானே, ஒரு கட்டுப்பாடு வேண்டாமா?" என்றார். மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். சரசு கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வார்டின் டெட்டால் வாடையை விட அந்தக் கேள்வியின் வாடைதான் என் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

மாலையில் வந்த பெண் டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து பேசினார். கருவைக் கலைப்பது இப்போது சட்டப்படி முடியும், இதயத்தைத் தேற்றிய பிறகு செய்யலாம் என்றார். வார்டில் கணவரின் கையெழுத்து கேட்டிருந்தார்கள். நாச்சிமுத்து காரிடாரில் நின்றுகொண்டு, "அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றனுங்க" என்றார்.

"அவர் கையெழுத்து வேண்டாம்" என்றார் டாக்டர். "சட்டத்துல அவ சம்மதம்தான் கேட்டிருக்கு. நீ என்னம்மா சொல்றே?"

சரசு முகமூடியை விலக்கிக்கொண்டு சொன்னாள். "எனக்கு ஒரு புள்ள ஊட்ல இருக்குதுங்க. அவளுக்கு அம்மா வேணும்."

ஒரு வாரம் கழித்துக் கலைத்தார்கள். பிழைத்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் முன் அந்த டாக்டர்தான் எனக்கு முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னார். கருத்தடை மாத்திரை இவளுக்கு ஆகாது, இரத்தம் உறையலாம். லூப் (கருப்பைக்குள் வைக்கும் வளையம்) வைத்தால் புண்பட்டு, கிருமி வால்வுக்குப் போகலாம். மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறக்க இதயம் இன்னும் தேற வேண்டும்.

"மிச்சம் உங்க மாப்பிள்ளைதான்."

இதைச் சொல்ல அவருக்குச் சிறிது நேரம்தான் ஆனது. அந்தச் சிறிது நேரம் முதல் நாளே கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆகவே படிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. கர்ப்பம் கூடாது என்று டாக்டர் சொன்னால் நாற்காலியை விட்டு எழாதீர்கள். எப்படி என்று கேளுங்கள். பதில் வரும்வரை மணி அடிக்கட்டும்.

தை, மாசி முழுவதும் அவள் தேறினாள். முதலில் வாசல்வரை, பிறகு கிணற்றடிவரை நடந்தாள். மீண்டும் ஆடி வந்து போனது. ஆவணியில் நாச்சிமுத்து வந்தார். குழந்தைக்குப் பொரி உருண்டை வாங்கி வந்திருந்தார்.

"ஆடி முடிஞ்சு போச்சுங்க மாமா. கூட்டிட்டுப் போலாம்னு."

நான் வாய் திறப்பதற்குள் சரசு நடையில் வந்து நின்றாள்.

"உங்களுக்கு முடிஞ்சுதுங்க. எனக்கு முடியலை. அந்தத் தையலைப் போட்டுட்டு வாங்க, பொட்டிய எடுத்துட்டு நானே முன்னால நடக்கறேன்."

"அம்மா என்ன சொல்லும் சரசு?"

"என்ன வேணாலும் சொல்லட்டுங்க. மூச்சு எனக்குத்தான முட்டுது."

அவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதன்பின் இரண்டு முறை வந்தார். பொரி உருண்டையோடு வந்தார், தையலோடு வரவில்லை. ஊரில் வாழாவெட்டி என்கிறார்கள். எங்கள் வீட்டில் இன்னும் ஆடி நடக்கிறது.

அவள் இங்கே இருக்கும்வரை கர்ப்பத்தை நினைத்துப் பயப்பட எதுவும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் அந்த ஏற்றத்தில் ஏறும்போது என் மூச்சு நின்று அவள் மூச்சைக் கேட்கிறது. காலண்டரில் மாதம் பிறப்பது மறந்துபோகிறது, அந்தக் குரல் வரும் நாளில்தான் எனக்கு மாதம் பிறக்கிறது. நாள் தள்ளிப் போனால் பள்ளியில் பாடம் நடத்தும்போதே விரல் விட்டு எண்ணுகிறேன்.

இன்று காலை வெளி அறையிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, அடுப்பை நீங்க பத்த வையுங்க."

எழுந்து போனேன். இரண்டு குச்சிகள் அணைந்தன. மூன்றாவது பற்றியது.