பழம் காலையில், மாத்திரை இரவில்

பெரியப்பா பம்பளிமாஸ் உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தடித்த தோலைக் கத்தியால் நான்காகக் கீறி, உள்ளே பஞ்சாயிருக்கும் வெள்ளையை நகத்தால் சுரண்டுவார். பிறகு ஒவ்வொரு சுளையையும் முதுகுப்பக்கம் பிளந்து, முத்து சிதறாமல் கழற்றித் தட்டில் வைப்பார். லிஃப்ட் பழுதுபார்க்கிறவரின் விரல்கள். ரேகைகளில் கிரீஸ் குடியேறியிருந்தது. முதல் சுளை எப்போதும் பெரியம்மாவுக்கு.

கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை கொடுத்தபோதே மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "இதைச் சாப்பிடறவரைக்கும் பம்பளிமாஸ் வேண்டாம் சார். ஆப்பிள், வாழைப்பழம் பரவாயில்ல. விடவே முடியாதுன்னா டாக்டரைக் கேளுங்க, வேற மாத்திரை இருக்கு."

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவரைப் பெரியம்மாவால் பார்க்க முடியவில்லை.

"இதுக்கு எதுக்கு டாக்டர்? பழத்தைக் காலையில சாப்பிடுங்க, மாத்திரையை ராத்திரி போடுங்க. ரெண்டும் ஒண்ணு மூஞ்சியில ஒண்ணு முழிக்கவே வேண்டாம்."

"நீயும் உங்க அண்ணியும் மாதிரியா?"

"வாயைப் பாரு! சுளையைக் கொடுங்க இப்படி."

சில மாதங்களில் தொடை வலிக்கத் தொடங்கியது. மொட்டைமாடியில் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறைக்கு ஏறும் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஊரையே மேல ஏத்தி விடறவருக்குக் கால் எழும்பலையாம்" என்று கேலி செய்துகொண்டே பெரியம்மா தைலம் தேய்த்தாள். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போவதை ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் சொன்னார். அதற்குள் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிட்டிருந்தது. அவர் வீடு திரும்பவில்லை.

"மாத்திரை அவருக்கு ஒத்துக்கலை" என்றுதான் பெரியம்மா வருகிறவர்களிடம் சொல்கிறாள். அவர் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். இப்போதும் பம்பளிமாஸ் வாங்குகிறாள். உரிக்கத்தான் வரவில்லை, முத்தெல்லாம் தரையில் உருள்கிறது. நான் குனிந்து பொறுக்குகிறேன்.

ஆஸ்பத்திரியில் பெரியப்பாவைக் கவனித்துக்கொண்ட நர்ஸைப் பல மாதங்கள் கழித்துப் பேருந்தில் பார்த்தேன். அவர்தான் சொன்னார். அந்தப் பழம் மாத்திரையை உடம்பில் அளவுக்கு மீறித் தேங்க வைத்துவிடுமாம், அதுதான் தசையைச் சிதைக்குமாம். பழத்தின் அந்த வேலை ஒரு நாளுக்கு மேலும் உடம்பில் நிற்குமாம். காலை, இரவு என்று பிரித்துச் சாப்பிட்டுப் பயனில்லை. இதைப் பெரியப்பாவின் கட்டிலருகே நின்று டாக்டர் விளக்கியிருக்கிறார். "பிரிச்சுச் சாப்பிடலாம்னு யார் சொன்னது?" என்றும் கேட்டிருக்கிறார்.

பெரியப்பா கதவுப் பக்கம் பார்த்தாராம். பெரியம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நானாத்தான் யோசிச்சேன் டாக்டர். வீட்ல யாருக்கும் தெரியாது. பழத்தைப் பத்தி அவகிட்ட பேச்செடுக்காதீங்க."