கீழ்நூல்

பட்டறையில் அவளைப் பெல்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விமான இருக்கைகளின் பெல்ட்டுகளைத் தைப்பது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே ஜன்னல், வரிசையில் மூன்றாவது தையல் இயந்திரம்.

நைந்துபோன பெல்ட்டுகள் மூட்டையாக வரும். பழைய நாடாவை வெட்டி எறிந்துவிட்டு, கொக்கியைத் துடைத்து, புது நாடாவைக் கோத்து, முனையை மடித்துத் தைக்க வேண்டும். ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டம் ஒரு ஆளின் எடையை உலுக்கலோடு தாங்க வேண்டும். ஒவ்வொரு பெல்ட்டிலும் ஒரு சின்னத் துணிச்சீட்டு. அதில் தேதி, வரிசை எண், தைத்தவரின் முத்திரை. அவள் முத்திரையில் பெயர் கிடையாது, வட்டத்துக்குள் முப்பத்தொன்று. சாப்பிடப் போகும்போதுகூட அதை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் போவாள். அவள் கணவன் உயிரோடு இருந்த நாளில், "தாலிக்குக்கூட இவ்வளவு காவல் இல்ல" என்பான்.

பட்டறையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. 'விழுந்தது' என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. கத்திரி கை தவறினால், "கத்திரி இறங்கிடுச்சு" என்பார்கள். விலை இறங்கும், மழை இறங்கும், பல்லும் இறங்கும். பக்கத்து இயந்திரத்துக்காரி, ஒல்லியாக இருப்பதால் ஊசி என்று பெயர் வாங்கியவள், ஒருமுறை காலில் மாவுக்கட்டோடு வந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"மாடிப்படியில இறங்கிட்டேன்க்கா."

"எல்லாரும்தான் மாடிப்படியில இறங்குறோம். உனக்கு மட்டும் எதுக்கு மாவுக்கட்டு?"

சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பிலும் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிவிடவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அவள் செய்துவந்த காரியம் வெளியில் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியும். ஒரு சேனலில் அந்த நேரத்துக்கு வாராவாரம் விமான விபத்துப் படம் போடுவார்கள். தொலைக்காட்சிக்கென்றே மலிவாக எடுத்து, தமிழ்க் குரல் கொடுத்த படங்கள். அவளும் நாத்தனாரும் சாப்பாட்டை முடித்து, முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு உட்காருவார்கள். கணவன் போனபிறகு அந்த வீட்டில் இந்த இரண்டு பேர்தான்.

எல்லாம் ஒரே படம்தான். தனியாகப் பயணம் செய்யும் ஒரு குழந்தை, நிறைமாதக் கர்ப்பிணி, குடியை விட்ட டாக்டர், எதற்கும் கத்தும் ஒரு பணக்காரர். கிளம்பும்போது இரண்டு இன்ஜினோடு இருக்கும் விமானத்துக்கு மேகத்துக்குள் நுழைந்ததும் நாலு இன்ஜின் முளைத்துவிடும். விமானி மயங்கி விழுவார். எந்தப் படமானாலும் விமானிக்கு ஒரே ஆள்தான் குரல் கொடுத்தார். பல்பொடி விளம்பரத்திலும் அதே குரல் வரும்.

"பயணிகள் பதற்றப்பட வேண்டாம். இது ஒரு சிறிய அதிர்வுதான்" என்று அந்தக் குரல் சொன்னதும் நாத்தனார் காலை மடக்கிச் சோபாவில் ஏறி உட்காருவாள்.

"ஆரம்பிச்சிட்டான். அண்ணி, இன்னைக்கு யார் காலி? நான் பணக்காரனைச் சொல்றேன்."

"டாக்டரு. நல்லவனா காட்டிட்டாங்க இல்ல, அவன் கதை முடிஞ்சுது."

அவளுக்கு இதில் என்ன ருசி என்று நாத்தனார் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். உலகத்தில் எந்தப் படத்திலும் அவள் செய்யும் பொருளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தப் படங்களில் மட்டும், எல்லாம் கைவிட்டுப் போகிற நேரத்தில், "பெல்ட்டைப் போடுங்க, பெல்ட்டைப் போடுங்க" என்று கத்துகிறார்கள். போட்டவன் பிழைக்கிறான். அதைக் கேட்கும்போது அடிவயிற்றில் ஒரு குளிர்ச்சி. இத்தனை பேர் சாகிற கதையில் தனக்கு இது இனிக்கிறதே என்று உடனே ஒரு கூச்சமும் வரும். இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு அடுத்த வாரமும் உட்காருவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் புதிதாக ஒன்று செய்திருந்தார்கள். புயலில் விமானம் குலுங்குகிறது. பணக்காரரின் பெல்ட் முனையைத் திரை நிறையக் காட்டினார்கள். தையல் ஒவ்வொன்றாக, பட், பட் என்று விட்டுக்கொண்டே வந்தது.

அவள் சிரித்துவிட்டாள். "கோணிப்பையைத் தைச்ச மாதிரி தைச்சிருக்கான் பாரு."

"நிஜத்துல இப்படிப் பிரியாதா அண்ணி?"

"எப்படிப் பிரியும்? மேல்நூல் ஒண்ணு, கீழ்நூல் ஒண்ணு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கும். ரெண்டும் ஒரே நூலா இருக்கிற வரைக்கும் யானை இழுத்தாலும்..."

பேச்சு அங்கேயே நின்றது.

முந்தாநாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். நாற்பது பெல்ட்டுகளில் பாதிக்கு மேல் முடிந்திருந்தபோது கீழ்நூல் தீர்ந்தது. மணி அடிக்க அரை மணி நேரம்தான். எழுந்துபோய் நூல் சுற்ற அலுப்பாக இருந்தது. ஊசியின் மேசை மேல் கீழ்நூல் நிறையச் சுற்றிய பாபின் ஒன்று இருந்தது. அதே சாம்பல் நிறம். எடுத்து மாட்டி, மீதியை முடித்தாள். ஊசி தைப்பது பெல்ட் இல்லை. ஜன்னல் திரை.

"அண்ணி? என்ன அண்ணி?"

திரையில் பணக்காரர் இருக்கையிலிருந்து பிய்ந்து மேலே பறந்தார். "நான் சொன்னேன் பாருங்க, பணக்காரன்தான்!" என்றாள் நாத்தனார். அவளோ அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

தெருமுனையிலிருந்து, தைத்ததைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். பூதக்கண்ணாடி என்று பட்டறையில் அவருக்குப் பெயர். தூக்கக் குரலில் எடுத்தவர், அவள் சொல்லி முடித்தபோது முழுதாக விழித்திருந்தார்.

"நிச்சயமா தெரியுமாம்மா?"

"திரை நூல்னுதான் நினைக்கிறேன் சார். இயந்திரத்தைத் திறந்து பார்த்தா தெரிஞ்சிடும்."

"வெள்ளிக்கிழமை நடந்தது இன்னைக்கு எப்படி ஞாபகம் வந்துச்சு?"

"சும்மா உக்காந்திருந்தேன் சார். வந்துச்சு."

இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள். காவலாளி கதவைத் திறந்துவிட்டான். விளக்குப் போடாமலேயே அவள் மூன்றாவது இயந்திரத்தின் அடித்தகட்டை நகர்த்தி, பாபினை வெளியே எடுத்தாள். முழ நூல் இழுத்து இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டாள். பெல்ட் நூலென்றால் விரல்தான் முதலில் அறுபடும். இழுத்தாள். சத்தமில்லாமல் அறுந்தது.

இன்ஸ்பெக்டர் வாங்கி இன்னொரு முழத்தை இழுத்துப் பார்த்தார். அதுவும் அறுந்தது.

அலமாரியில் பதினெட்டுப் பெல்ட்டுகள் இருந்தன. ஒன்று முதல் பதினெட்டு வரை, எல்லாம் முதலில் தைத்தவை, சரியான நூல். தைக்கத் தைக்க ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது வழக்கம். சனிக்கிழமை காலையில் வந்து எடுத்தவர்கள் மேலேயிருந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். கடைசியில் தைத்ததுதான் முதலில் போயிருக்கிறது. இருபத்திரண்டு பெல்ட்டுகள்.

"இழுத்துப் பாக்குற சோதனைக்கு எதைக் கொடுத்தீங்க?"

"வழக்கம்போல முதல் மூணு சார்."

அவர் சுவரோரம் இருந்த போனில் நம்பரைச் சுழற்றினார். அவள் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெல்ட்டுகள் எந்த விமானத்தில் மாட்டப்பட்டன என்று தேடச் சொன்னார். காத்திருந்தார். பதில் வந்ததும் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"மேல இருக்கு."

"எவ்வளவு நேரம் சார்?"

"தரைக்கு வர இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிஷம். விமானிகிட்ட சொல்லிடுவாங்க. எல்லா இருக்கையும் நிறைஞ்சிருக்காம். மாத்தி உக்கார வைக்க இடம் கிடையாது."

"காத்து எப்படி இருக்காம்?"

"இப்போதைக்கு நல்லா இருக்காம்."

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. ஆளுக்கொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். மின்விசிறி சுற்றியது. ஜன்னலுக்கு வெளியே யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். படமாக இருந்தால் இந்நேரம் புயல் வந்திருக்கும், குழந்தை அழுதிருக்கும், டாக்டர் எழுந்து சட்டைக் கையை மடித்திருப்பார். இங்கே எந்தச் சத்தமும் இல்லாமல் ஒரு மணி ஐம்பது நிமிடமும் நிமிடம் நிமிடமாகவே போயிற்று. அவள் கண்ணை மூடவில்லை. மூடினால், பட், பட் என்று அந்தத் தையல் விட்டது.

நடுவில் இன்ஸ்பெக்டர் ஒருமுறை, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். வேண்டாமென்று தலையாட்டினாள்.

போன் அடித்ததும் அவர் எடுத்தார். "சரி... சரி... கழட்டிடுங்க" என்று வைத்தார். "வந்திடுச்சும்மா. ஒண்ணும் இல்ல. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

அவள் முக்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்தாள்.

இருபத்திரண்டில் பதினாலில் திரை நூல் இருந்தது என்று திங்கட்கிழமை காலையில் செய்தி வந்தது. பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் அவளை அறைக்குள் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். பிழையின் தன்மை, பாதிக்கப்பட்ட எண்ணிக்கை, தேதி, எல்லாம் எழுதினாள். 'பிழை கண்டறியப்பட்ட விதம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"மறுசோதனையின்போதுன்னு எழுதுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்படி இருந்தா எச்சரிக்கையோட போயிடும். முத்திரை உங்ககிட்டயே இருக்கும். நானே பேசிக்கிறேன்."

அவள் இடுப்பில் சொருகியிருந்த முத்திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மறுசோதனை எதுவும் நடக்கலையே சார்."

"நீங்களா வந்து சொன்னீங்க இல்ல? அதுவே மறுசோதனைதான்."

"நானா வரல சார். நேத்து டிவியில படம் பாத்துக்கிட்டிருந்தேன். விமானம் விழுற படம்."

சொல் வாயிலிருந்து வந்துவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் ஊசியின் இயந்திரம் நின்றது. இன்ஸ்பெக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அதுல பெல்ட்டு தையல் விடுறதைக் காட்டினாங்க. அதைக் கேலி பண்ணும்போதுதான் ஞாபகம் வந்துச்சு."

"இதையெல்லாமா எழுதுவீங்க? மேல படிக்கிறவன் சிரிப்பான்மா. பட்டறையே சிரிக்கும்."

"மறுசோதனைன்னு எழுதினா நம்ம சோதனையில மாட்டிச்சுன்னு ஆயிடும் சார். மாட்டலையே. நாளைக்கு இன்னொருத்தி இதே மாதிரி பாபினை எடுத்து மாட்டிட்டான்னு வைங்க. அவ வீட்டுல அன்னைக்கு டிவி ஓடிக்கிட்டிருக்கணுமே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கட்டம் குறுகலாக இருந்தது. எழுத்தைப் பொடியாக்கி எழுதினாள்: 'ஞாயிறு மதியம் வீட்டில் தொலைக்காட்சியில் விமான விபத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது. பட்டறைச் சோதனையில் தெரியவில்லை.' கையெழுத்துப் போட்டு, முத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் உடனே எடுக்கவில்லை. பிறகு இழுப்பறையைத் திறந்தார்.

ஆறு மாதத்துக்கு முத்திரை கிடையாது, பழைய தையலைப் பிரிக்கும் மேசையில் வேலை என்று உத்தரவு வந்தது. அதே தாளில், இனித் திரை நூல் பச்சை நிறத்தில் மட்டுமே வாங்கப்படும் என்றும், சோதனைக்கு முதல் மூன்று பெல்ட்டுகளோடு கடைசிப் பெல்ட்டையும் எடுக்க வேண்டும் என்றும் இருந்தது. படிவத்தை யார் வெளியே சொன்னார்களோ, அவள் நடந்தால் சிலர், "பயணிகள் பதற்றப்பட வேண்டாம்" என்று கனத்த குரலில் சொன்னார்கள். படம் பார்க்காதவர்களுக்கு அந்தக் குரல் எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. இன்னும் சிலர் அவளோடு பேசுவதையே விட்டார்கள். ஊசி மட்டும் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாபினை நான் மேசை மேல போட்டு வச்சிருக்கக் கூடாதுக்கா."

"நான் எடுத்திருக்கக் கூடாது. போய் வேலையைப் பாரு."

அடுத்த வாரம் அந்தப் பதினாலு பெல்ட்டும் ஒரு சாக்கில் கட்டி வந்து சேர்ந்தன. பிரிக்கும் மேசைக்குத்தான் வரும். அவள் சாக்கை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கழற்றியவன் இருக்கையின் காலில் மாட்டிய கொக்கியை மட்டும் விடுவித்திருந்தான். அளவை யாரும் மாற்றவில்லை. கடைசியாக உட்கார்ந்தவர் இழுத்து மாட்டிய அளவிலேயே ஒவ்வொரு பெல்ட்டும் நின்றிருந்தது.

இருபத்தாறு வருடத்தில் நாடாவின் மடிப்பைப் பார்த்தே அவளுக்கு ஆளைத் தெரியும். இது தொந்தி பெருத்தவர், முழு நாடாவையும் விட்டும் போதாமல் மூச்சைப் பிடித்து மாட்டியிருக்கிறார். இது ஒடிசலான பெண். இது தூங்கிப்போனவர், தளர்த்திவிட்டிருக்கிறார். இது மடியில் எதையோ வைத்திருந்தவர். பதினாலு பேரும் அவள் மேசைமேல் வரிசையாகக் கிடந்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, குளித்து, அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பதினொன்றாவது பெல்ட் கடைசிவரை இழுத்து இறுக்கப்பட்டிருந்தது. கொக்கிக்கும் முனைக்கும் நடுவில் இரண்டு சாண்கூட இல்லை, குழந்தையின் அளவு. யாரோ குனிந்து, பிடித்துப் பார்த்து, போதாதென்று இன்னும் ஒருமுறை இழுத்திருக்கிறார்கள். துணிச்சீட்டில் வரிசை எண் முப்பத்தேழு. அதன் கீழே அவள் முத்திரை.

அதை அவள் மற்றவற்றிலிருந்து தள்ளித் தனியே வைத்தாள். பிறகு நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, பிரிக்கும் ஊசியை எடுத்து, அதையே முதலில் பிரிக்கத் தொடங்கினாள்.