இரும்புக்கு மூக்கு திறந்தபோது

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வழி கேட்டால் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "இரும்பு எங்கே இருப்பார்?" என்று கேட்டால் மட்டும் டீ ஊற்றுகிறவர்கூட டம்ளரை வைத்துவிட்டு எழுந்து கை காட்டுவார். பின்பக்கம், சலவைக்கூடத்தைத் தாண்டி, பச்சைக் கதவு. அதற்கு உள்ளேதான் அவருடைய உத்தியோகம். செத்தவர்களைக் குளிப்பாட்டுவது, அறுக்கிற டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பது, அறுத்ததைத் தைப்பது, தலை வாரிவிடுவது, கடைசியில் சொந்தக்காரர்கள் பார்க்கக்கூடிய மாதிரி முகத்தை ஆக்கிக் கொடுப்பது.

இரும்பு என்று பேர் வைத்தது பிணவண்டி டிரைவர். தண்ணீரில் ஊறிய உடம்பு வரும், பூட்டிய வீட்டில் கிடந்த உடம்பு வரும். கொண்டுவந்த போலீஸ்காரர் வேலியோரம் குனிந்து குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பார். டிரைவர் மூக்குக்குக் கீழே தைலம் தடவி, மேலே துண்டைக் கட்டி, அப்போதும் கண்ணில் தண்ணீர் விடுவார். இவரோ வெறும் முகத்தோடு உள்ளே போவார், வேலையை முடிப்பார், கையைக் கழுவிக்கொண்டு அடுத்த அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்.

"யோவ், நீ மனுஷனா இரும்பாய்யா?" என்று ஒருநாள் டிரைவர் கேட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்.

அவருக்கும் அதில் பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது? என்ன வேலை என்று கேட்டுப் பதில் வந்ததும் ஒரு அடி தள்ளி நிற்காதவர்களை அவர் பார்த்தது குறைவு. அப்படிப்பட்ட மனிதருக்கு, ஊரில் எவனுக்கும் இல்லாத நெஞ்சுரம் தனக்கு இருக்கிறது என்ற நினைப்பு எவ்வளவு பெரிய சொத்து!

அந்த நெஞ்சுரம் எங்கே இருந்தது என்பதை ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது, இப்போதே சொல்லிவிடலாம். மூக்கில் இருந்தது. பரம்பரையாகவே அவர்களுக்குப் பெரிய மூக்கு. இளவயதில் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது பின்பலகை கழன்று அந்த மூக்கின்மேலேயே இறங்கியது. ரத்தம் நின்றதும் மறுபடி மூட்டை தூக்கப் போய்விட்டார். தண்டு ஒரு பக்கமாக வளைந்து அப்படியே ஆறிப்போனது. வெளியே தெரிந்தது அவ்வளவுதான். உள்ளே, இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற தடுப்பு கோணி ஒரு பக்கத்தை அடைத்துவிட்டது. மறுபக்கத்தில் சதை வளர்ந்து அதையும் அடைத்துவிட்டது. அன்றிலிருந்து வாயால்தான் மூச்சு. வாசனை, நாற்றம் இரண்டுமே அவருக்கு மற்றவர்கள் பேசிக் கேட்ட சங்கதிகள்.

"இவருக்குச் சமைக்கிறது சுலபம்," என்பார் மனைவி. "உப்பு இருக்கா இல்லையான்னு மட்டும்தான் நாக்குக்குத் தெரியும். மத்ததெல்லாம் இவருக்கு வைக்கோல்."

மனைவியின் பயம் வேறு. லீவு நாளில் மத்தியானம் அவர் படுத்தால் குறட்டையில் ஜன்னல் கம்பி அதிரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திடீரென்று குறட்டை நிற்கும், மூச்சும் நிற்கும். மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து நெஞ்சில் கை வைத்து உலுக்கினால்தான் ஒரு பெரிய இழுப்போடு திரும்ப வரும். "நீங்க தூங்குறீங்க, நான் காவல் காக்குறேன். ஒருநாள் நான் கடைக்குப் போன நேரம் பார்த்து நின்னுடுச்சுன்னா?" என்று அந்த அம்மாள் அழாத வாரம் இல்லை. மூக்கு டாக்டரிடம் போகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் அவர் கிளம்பியது தனக்காக இல்லை, மகளுக்காக. ஒரே மகள். துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிற பெண். அப்பாவின் மூக்கு அச்சு அசலாக அவள் முகத்தில். "எல்லா அப்பாவும் பொண்ணுக்கு வீடு எழுதி வைப்பாங்க, எங்கப்பா மூக்கை எழுதி வச்சுட்டாரு," என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அவருக்கு அது சுருக்கென்று தைக்கும். ஏனென்றால் அந்தக் குழந்தை நடக்கக் கற்ற நாளிலிருந்து அவர் மடியில் தங்கியதில்லை. தூக்கினால் நெளியும், இறக்கிவிட்டால் ஓடும். வளர்ந்த பிறகும் சாப்பிட உட்கார்ந்தால் அறையின் அந்தக் கோடிதான். என் மூக்கைப் பார்த்துப் பயந்த பிள்ளை, இப்போது அதே மூக்கு தனக்கும் வந்ததில் வெறுத்துப்போயிருக்கிறது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். அவள் மூக்கைச் சரிசெய்து கொடுத்துவிட்டால் தன் பக்கத்தில் வந்து உட்காருவாள் என்று ஒரு நப்பாசை.

மூக்கு டாக்டர் வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாள். முதலில் மகளைப் பார்த்தார்.

"மூச்சு ரெண்டு பக்கமும் நல்லா வருதா?"

"வருது டாக்டர். அழகாத்தான் இல்ல."

"அழகுக்குச் செய்யுறது ஒண்ணு, மூச்சுக்குச் செய்யுறது ஒண்ணு, கண்ணு. எலும்பைச் சீவிச் சின்னதாக்கலாம். ரொம்பச் சீவினா காத்துப் போற வழியும் சின்னதாயிடும். இப்ப நல்லா விடுற மூச்சு அப்புறம் திணறும். வீக்கம் முழுசா வத்த ஒரு வருஷம்கூட ஆகும், அதுவரைக்கும் கண்ணாடியில தெரியுறது உன் மூக்கே இல்ல. போட்டோவைக் காட்டி இந்த மூக்கைக் குடுங்கன்னு கேட்டா என்னால முடியாது. உன் தோலு, உன் எலும்பு எதுக்கு இடம் குடுக்குதோ அதுதான் வரும். யோசி. அவசரமே இல்ல."

பிறகு கையோடு அப்பாவின் மூக்கிலும் விளக்கடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஐயா, இத்தனை வருஷம் எப்படிங்க உயிரோட இருந்தீங்க?" என்றார். தடுப்பை நேராக்க வேண்டும், சதையை எடுக்க வேண்டும். வெளித்தண்டையும் நிமிர்த்தவா என்று கேட்டதற்கு, "வெளியே இருக்கட்டும்மா, ஆளுங்களுக்கு அடையாளம்," என்றார்.

"என்ன வேலை பார்க்குறீங்க?"

மகள் அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். "ஆஸ்பத்திரி ஸ்டோர்ல. சாமான் எடுத்துக் குடுக்குறது."

எந்தப் புது ஆளிடமும் அவர் சொல்கிற பொய் அது. சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. டாக்டர் நம்பிவிட்டார், பாவம். முகம் மலரச் சொன்னார்: "அப்ப நல்லதாப் போச்சு. சதையை எடுத்தா வாசனைகூடத் திரும்பலாம். உறுதி சொல்ல மாட்டேன், ஆனா வரலாம்."

"அதுவுமா!" என்று இவரும் சிரித்தார். அழுகின உடம்புகளோடு வேலை செய்கிறவர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த அம்மாள் அந்த இடத்திலேயே நிறுத்தி இரண்டு கேள்வி கேட்டிருப்பார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூக்குக்குள் தகடு வைத்து அடைத்து அனுப்பினார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும், எதையும் மூக்கில் நுழைக்கவே கூடாது. மனைவி ஒன்று விடாமல் நடத்தினார். தகட்டை எடுத்த அன்றைக்கு மத்தியானம் அவர் வாயை மூடிக்கொண்டு தூங்கினார். குறட்டை இல்லை. அந்த அம்மாள் பழக்கதோஷத்தில் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். நெஞ்சு பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளும் பக்கத்திலேயே சரிந்து தூங்கிப்போனார்.

வாசனை மெல்லத்தான் வந்தது. முதலில் சோப்பு. பிறகு தீக்குச்சி, காப்பித்தூள், மண்ணில் விழுந்த மழை. வெங்காயம் வதக்கும்போது அடுப்படியில் போய் நின்றுகொண்டு வெளியே வர மாட்டார்.

"மோப்ப நாய் வளர்க்குறோம்னு ஊருக்குச் சொல்லிடலாமா?" என்று மனைவி சிரித்தார்.

"சொல்லு. இவ்ளோ நாளு எனக்கு வைக்கோல் போட்டவதானே நீ!"

அப்படி ஒரு சிரிப்பு அந்த வீட்டில் அதற்கு முன்னே இருந்ததில்லை. பின்னேயும் இல்லை.

வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் சட்டை எடுக்க அலமாரியைத் திறந்தார். திறந்ததும் பின்வாங்கினார்.

"இங்க வா. உள்ள எலி ஏதோ செத்துக்கிடக்கு."

மனைவி வந்து பார்த்தார். எதையும் தேடவில்லை. அலமாரிக் கதவைச் சாத்தினார்.

"எலி இல்லீங்க. உங்க சட்டை."

"துவைக்கலையா?"

"துவைச்சு, வெந்நீர்ல ஊறப்போட்டு, வெயில்ல காயவச்சு மடிச்சது."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் தன் தோளை முகர்ந்து பார்த்தார், கையை முகர்ந்து பார்த்தார். லீவில் இருந்ததால் கையில் ஒன்றும் இல்லை. "எப்பலேர்ந்து?"

"கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா வேலையை விட்டிருப்பீங்களா? விட்டா அடுப்பு எரிஞ்சிருக்குமா? எனக்குப் பழகிடுச்சு." அலமாரிக் கதவை இன்னொருதரம் அழுத்திச் சாத்தி, "சின்னப் பிள்ளைக்குத்தான் பழகல," என்றார்.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மடியிலிருந்து நழுவி நழுவி ஓடின குழந்தை. அறையின் அந்தக் கோடி. மூக்கைப் பார்த்து ஓடியதாக எண்ணி எத்தனை முறை கண்ணாடியைத் திட்டியிருக்கிறார்!

மறுநாள் பச்சைக் கதவைத் திறந்தார். உள்ளே கால் வைத்தவர் அதே காலோடு வெளியே ஓடி, போலீஸ்காரர்கள் குனிகிற அதே வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். "இரும்பு துருப்பிடிச்சிருச்சுடோய்!" சிரித்து முடித்து, அவர் முகத்தைப் பார்த்ததும் தைல டப்பாவை நீட்டினார். "தடவிக்கய்யா. நாங்கல்லாம் இப்படித்தான் ஓட்டுறோம்."

தைலம் எடுபடவில்லை. முப்பது வருஷம் கிடைக்காத வாசனையெல்லாம் சேர்ந்து வந்து உட்கார்ந்த மூக்கு அது. அதிகாரியிடம் போய் வேறு வேலை கேட்டார், கேட் காவலாவது கொடுங்கள் என்று. அதிகாரி விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார். "உனக்கே முடியலைன்னா நான் யாரைய்யா உள்ள அனுப்புறது? போ, போ."

அன்றைக்கே ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். குளத்தில் மிதந்தவள். மகளின் வயதுதான் இருக்கும். அவளுடைய அப்பா வெளியே சிமெண்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் பிடிக்காத கை.

"இரும்புன்னா நீங்கதானாமே. உங்ககிட்ட விட்டா முகத்தைப் பார்க்குற மாதிரி குடுப்பீங்கன்னு சொன்னாங்க. அவ அம்மா ஒருதடவை பார்த்துடணும்யா. மூடிக் குடுத்துடாதீங்க."

மூன்று தடவை உள்ளே போனார், மூன்று தடவையும் வேலிக்கு ஓடினார். அந்த அப்பா படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்காம் தடவை இவர் பஞ்சை எடுத்துத் திரித்தார். தைலத்தில் முக்கினார். எதையும் நுழைக்கக் கூடாது என்று சொல்லியிருந்த மூக்கில், புண் ஆறாத அந்த இரண்டு பக்கத்திலும், இனிமேல் போகாது என்கிறவரை விரலால் குத்தி அடைத்தார். கண் இருட்டியது. உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது. நாற்றம் நின்றது.

பிறகு வழக்கம்போல வேலை செய்தார். சேற்றைக் கழுவினார், தலை வாரினார், வாயை மூடிவிட்டார். அம்மாக்காரி வந்து பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். அந்த அப்பா இவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதற்கடுத்த நாளும் பஞ்சு. அதற்கடுத்த நாளும். மனைவியிடம் சொல்லவில்லை. ரத்தம் பட்ட பஞ்சை ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் மூக்கில் பொருக்குக் கட்டியது, சீழ் வைத்தது, பிறகு மூச்சு விடும்போதெல்லாம் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. குக்கரில் ஆவி கிளம்புகிற மாதிரி மெல்லிசான ஒரு விசில். மனைவிதான் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். "தடுப்புல ஓட்டை விழுந்திருக்கு. உள்ளே சதையெல்லாம் வெந்துபோயிருக்கு. என்னத்தைய்யா போட்டு அடைச்சீங்க? ஸ்டோர்ல அப்படி என்ன இருக்கு?"

அப்போதுதான் உண்மையைச் சொன்னார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல? மூச்சுக்கு மட்டும் எவ்வளவு வேணுமோ அவ்வளவு பார்த்திருப்பேன். வேலையை மாத்துற வரைக்கும் தள்ளிப் போட்டிருப்பேன்."

"சொல்லியிருந்தா நாற்காலியைப் பின்னால தள்ளியிருப்பீங்கம்மா. எல்லாரும் தள்ளுவாங்க."

டாக்டர் கோபமாக மறுக்க வாயெடுத்தார். தன் நாற்காலி அதற்குள் ஓரடி பின்னால் போயிருந்ததைப் பார்த்தார். அதை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி திறந்து ஓட்டையை மூடிப் பார்க்கலாம், சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது, ஆனால் பஞ்சு வைக்கிற வேலைக்குப் போவதாக இருந்தால் கத்தியை எடுக்கவே மாட்டேன் என்றார்.

"இருக்கட்டும்மா," என்று இவர் எழுந்துகொண்டார்.

பச்சைக் கதவுக்கு உள்ளே இப்போதும் அவர்தான். இரும்பு என்றுதான் இப்போதும் கூப்பிடுகிறார்கள். வாசனை பாதி போய்விட்டது. காப்பித்தூள் போய்விட்டது, மழை போய்விட்டது. தன் சட்டை நாற்றம் மட்டும் போகவில்லை. மத்தியானம் படுத்தால் விசிலோடு குறட்டையும் திரும்ப வந்துவிட்டது. மனைவி பழையபடி காவல்.

மகள் அழகு மூக்கைப் பற்றி அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. அம்மா எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து, குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து எழுந்து வந்து அவர் பக்கத்தில், முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள்.

"தள்ளிக்கோ, அப்பாவுக்கு வேர்க்குது," என்றார்.

"பரவால்லப்பா."

அவர் தன் சட்டைத் தோளை முகர்ந்தார், மூக்கு விசிலடித்தது. தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து, அவள் விட்டு வந்த அந்தக் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.