கம்பத்தின் நிழலில் பிரேக்

அந்தப் பந்தயத் தடத்தை நான் முதலில் ஓட்டக் கற்றுக்கொண்டது மெட்ரோவில்தான். துவாரகாவிலிருந்து அலுவலகம் போகும் வழியில் உட்கார இடம் கிடைத்தால், யாரோ காருக்குள்ளிருந்து எடுத்துப் போட்டிருந்த வீடியோவைப் போனில் ஓடவிடுவேன். வளைவு வரும்போது என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஒருநாள் இறங்கும்வரை என் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் மகள் மடியில் தூங்கும்போதும் பார்ப்பேன், சத்தத்தை அணைத்துவிட்டு. அவளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. ஊசி விழும் சத்தத்துக்கும் எழுந்துகொள்வாள். அதனால் எஞ்சின் எங்கே உறுமுகிறது, கியர் எங்கே மாறுகிறது என்பதெல்லாம் என் காதில் விழவே இல்லை. வளைவுகளின் வரிசை மட்டும் மனப்பாடமாகிவிட்டது. தெரிந்தது பாதிதான் என்று எனக்கே தெரியும். மீதிப் பாதியைக் கற்க வேறு வழியும் தெரியவில்லை.

கல்லூரி நாட்களில் கோவையில் கார் ஓட்டப் பழகியவள் நான். அங்கே ஒரு சின்னத் தடம் உண்டு. கிளப் பந்தயங்களில் கலந்துகொண்டிருக்கிறேன், ஓரிரு முறை முன்வரிசையில்கூட முடித்திருக்கிறேன். பிறகு வேலை, கல்யாணம், தில்லி, குழந்தை. குழந்தை பிறந்த பிறகு எனக்குள் என்னமோ ஆகிவிட்டது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் சந்திப்பில் வேகம் குறைப்பேன். பின்னால் வரும் ஆட்டோக்காரர்கள் ஹார்னிலேயே என்னைத் திட்டுவார்கள். நாளாக ஆக, "நீங்களே ஓட்டுங்க" என்று சாவியை என் கணவரிடம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

நொய்டாவைத் தாண்டி இருக்கும் பெரிய தடத்தில் ஒரு கிளப், வீட்டுக் கார்களுக்கென்று பந்தயம் நடத்துகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

"கோயமுத்தூர்ல ஓட்டுன பொண்ணத்தான் நான் கட்டிக்கிட்டேன். அந்தப் பொண்ணு எங்க போனாள்னு பாத்துட்டு வந்தர்லாம், வா அம்மிணி" என்றார்.

அதை விளையாட்டாகச் சொன்னார். எனக்கு விளையாட்டாக இல்லை.

கிளப்பில் ஒரு விதி. புதிதாக வருபவர்கள் சனிக்கிழமை முழுக்கப் பயிற்சி ஓட்டம் ஓட வேண்டும். கடைசிப் பயிற்சியில் கிளப்பின் பொறுப்பாளர் காரிலேயே பின்தொடர்ந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் முன்கண்ணாடியில் ஒட்ட ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் தருவார். ஸ்டிக்கர் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் இடமில்லை. அடுத்த முறை வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். என்னைப் பொறுத்தவரை அடுத்த முறை என்று ஒன்று இல்லை. ஒரு தடவை திருப்பி அனுப்பினால் மறுபடி வர மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சாவியை நிரந்தரமாகக் கணவரிடமே கொடுத்துவிடுவேன்.

சனிக்கிழமை விடியுமுன் கிளம்பினோம். பனிமூட்டத்தில் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. வழக்கம்போல அவர்தான் ஓட்டினார். நான் பின்னால் மகளோடு உட்கார்ந்து, எதை மறந்தேன் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஹெல்மெட் இருந்தது. அவளுடைய பருப்புச் சாதம் இருந்தது. மாற்று உடை, கம்பளிக் குல்லா, பாய், எல்லாம் இருந்தன. இரண்டு நாளாக அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சளியோடு இருக்கும் குழந்தையை இந்தக் குளிரில் வெட்டவெளிக்குக் கூட்டிப்போகிற தாய் எப்படிப்பட்டவள்? வீட்டில் விட்டால் யாரிடம் விடுவது? இந்த இரண்டு கேள்வியும் தடம் வரும்வரை மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

பொறுப்பாளர் ஒரு பஞ்சாபிப் பெண்மணி. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், தொழிலால் பல் மருத்துவர். காரைச் சோதிக்க வந்தவர் முதலில் குழந்தை இருக்கையைக் கழற்றச் சொன்னார். கழற்றினோம். அது இருந்த இடத்தில் பிஸ்கட் தூள், முறுக்குத் துண்டு, ஒரு சாக்ஸ்.

"பேட்டா, இது காரா, கேன்டீனா?" என்றார் இந்தியில்.

பக்கத்துக் காரின் இளைஞன் ஒருவன் சிரித்தான். "மேடம், இன்னிக்கு ஸ்கூல் பஸ் ரூட் இல்லையே?" என்று என்னிடம் கேட்டான். நானும் சிரித்து வைத்தேன். மூன்று முறை துடைத்த காரில் முதல் வளைவில் பிரேக் பிடித்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கிலுகிலுப்பை உருண்டு வந்தது. பெடலுக்கு அடியில் போயிருந்தால்? அந்தச் சுற்று முழுக்க வளைவுகள் எதுவும் என் கண்ணில் படவில்லை. கிலுகிலுப்பை மட்டும்தான்.

வீடியோவில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தடத்துக்கு மேடு பள்ளம் இருக்கிறது. போனில் தட்டையாகத் தெரிந்த இடத்தில் கார் மேலேறி, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் இறங்கியது. கோவைத் தடத்தில் எல்லா வளைவும் எனக்குக் கைரேகை மாதிரி. இங்கே எல்லாமே அகலம், எங்கே திரும்புவது என்று பிடிபடாத அகலம்.

எல்லாவற்றிலும் கஷ்டம் நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் வரும் வலது வளைவு. அங்கே எந்த இடத்தில் பிரேக் பிடிப்பது என்பதுதான் கேள்வி. ஓரத்தில் தூரம் எழுதிய பலகைகள் இருக்கின்றன. ஆனால் அந்தச் சாலை கிழக்கே போகிறது. காலை வெயில் நேராகக் கண்ணில், அதோடு பனிமூட்டம். பலகைகள் இருப்பதே தெரியவில்லை. வலப்பக்கம் ஒரு உயரமான விளக்குக் கம்பம் இருந்தது. அதன் நிழல் தடத்தின் குறுக்கே கறுப்புக் கோடாக விழுந்திருந்தது. அந்தக் கோட்டில் பிரேக் பிடித்துப் பார்த்தேன். கார் அழகாகத் திரும்பியது. அடுத்த சுற்றிலும் அப்படியே. தடத்தில் எனக்கென்று ஒரு இடம் கிடைத்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மற்ற வளைவுகளை ஒவ்வொன்றாகக் கற்றேன். காலைப் பயிற்சி முடிந்து இறங்கியபோது ஸ்கூல் பஸ் என்று கேலி செய்தவனே, "நல்லா போறீங்க மேடம்" என்றான்.

மதியச் சாப்பாட்டின்போது மகள் என்னிடம் வரவில்லை. ஹெல்மெட்டைப் பார்த்து அழுதாள். அதைக் கழற்றிய பிறகும் அப்பாவின் தோளிலேயே ஒட்டிக்கொண்டாள். இது போதும், வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. ஆனாலும் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போனேன்.

இரண்டாவது சுற்றிலேயே அது நடந்தது. நேர்ச்சாலையில் வேகமெடுத்தேன், கறுப்புக் கோடு வந்தது, பிரேக் பிடித்தேன். கார் நிற்கவில்லை. வளைவு எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நேராகப் போய்ச் சரளைக்கல்லில் இறங்கினேன். கற்கள் காருக்கு அடியில் ஆலங்கட்டி மழை மாதிரி அடித்தன. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவே முடியவில்லை. இந்தக் கார்தான் எங்களிடம் இருக்கும் ஒரே கார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

டிராக்டர் கட்டி இழுத்தார்கள். காருக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் மருத்துவர் டயர்களைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"தெரியவில்லை. காலையில் பிடித்த அதே இடத்தில்தான் பிடித்தேன்."

"அப்படியென்றால் நிற்க வேண்டுமே" என்றார். "டீ குடி. கடைசிப் பயிற்சியில் உன் பின்னால் வருகிறேன்."

அதே இடத்தில்தான் பிடித்தேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் பயமே. இடம் சரி, நேரம் சரி என்றால் தப்பு என்னிடம், என் காலில், என் கண்ணில். தூக்கம் போதாத கண் இனி எதையும் சரியாகக் கணக்குப் போடாது என்று தோன்றியது.

கணவர் கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால் புல்லில் பாய் விரித்திருந்தார். மகள் அதில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கார் போனாப் போச்சாது, உடு. உனக்கு ஒண்ணும் அடிபடலியே?"

"இல்லீங்க. என்னமோ எனக்கே என்மேல நம்பிக்கை போயிருச்சு."

"நம்பிக்கை இருக்கட்டும், கொஞ்சம் எந்திரி. பாயை நகத்தணும். காலைலருந்து இதே வேலைதான் எனக்கு. வெயில்ல போடறேன், கொஞ்ச நேரத்துல நிழல் வந்து ஏறிக்குது. உம்பொண்ணுக்கு உடனே தும்மல்."

அவர் பாயை இழுத்தார். நான் எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்த கூடாரத்தின் நிழல் பாயின் பாதியை மூடியிருந்தது.

தில்லிக் குளிர்காலத்தில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டிப் பூங்காவில் எல்லாருக்கும் இதே வேலைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் விழும் மூலையில் பாய் போடுவோம், நிலக்கடலை உரிப்போம், நிழல் வரவர நகர்வோம், மதியத்தில் பூங்காவின் அந்தக் கோடியில் இருப்போம். இரண்டு குளிர்காலமாக இந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நானும் நகர்ந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஒரு கம்பத்தின் நிழலை நம்பி பிரேக் பிடித்திருக்கிறேன். காலையில் கம்பத்துக்கு இந்தப் பக்கம் விழுந்த நிழல் மதியத்தில் அந்தப் பக்கம் போய், வளைவுக்குப் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறது.

அவரிடம் சொன்னேன். அவர் பாயிலேயே மல்லாந்து விழுந்து சிரித்தார். "நிழலைப் பாத்தா பிரேக் புடிச்சே? ஏன் அம்மிணி, நல்லவேளை, மேகத்தைப் பாத்துப் புடிக்கல!" மகளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாக மாறியதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

டீ இடைவேளையில் தடத்தில் நடந்து பார்க்க அனுமதி உண்டு. நகராத அடையாளம் ஒன்றைத் தேடி மூவரும் போனோம். காரில் நொடியில் கடந்த தூரம், குழந்தையோடு நடக்க நடக்க முடியவே இல்லை. காலை நிழல் எங்கே விழுந்திருக்கும் என்று கம்பத்தை வைத்து உத்தேசமாகக் கணக்குப் போட்டேன். அந்த இடத்துக்குச் சற்று முன்னால், தார் பெயர்ந்து புதிதாக ஒட்டுப்போட்ட ஒரு சதுரம் இருந்தது. மற்ற இடத்தைவிட நல்ல கறுப்பு. இது எங்கேயும் போகாது.

மகள் ஓடிப்போய் அந்தச் சதுரத்தின் நடுவில் குந்தி உட்கார்ந்தாள். உள்ளங்கையால் தட்டினாள்.

"அம்மா, காலா!" என்றாள் இந்தியில்.

"கறுப்பு சொல்லு கண்ணு. கறுப்பு."

"காலா கறுப்பு" என்றாள். எழுந்து வர மறுத்தாள். தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

அவளை அங்கே உட்காரவிட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று கடைசிப் பயிற்சியில்தான் புரிந்தது. என் கண்ணாடியில் பல் மருத்துவரின் வெள்ளைக் கார். முன்னால் நேர்ச்சாலை. தூரத்தில் அந்தக் கறுப்புச் சதுரம். அதன் நடுவில் கம்பளிக் குல்லாவோடு ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறாள். இல்லை என்று தெரியும். அவள் அப்பாவின் தோளில் இருக்கிறாள். தெரிந்தும் என் கால் சதுரத்துக்கு வெகு முன்னாலேயே பிரேக்கை மிதித்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே. எல்லாச் சுற்றிலும் அப்படியே.

பயிற்சி முடிந்ததும் பல் மருத்துவர் என் காரின் ஜன்னலில் குனிந்தார்.

"மற்ற வளைவெல்லாம் சரி. அந்த வளைவுக்கு மட்டும் ஏன் மெட்ரோ ஸ்டேஷன் மாதிரி நிற்கிறாய்?"

காரணத்தைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் சரியான பைத்தியம் என்று நினைப்பார். சொல்லாவிட்டால் சரியான பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார். சொல்லிவிட்டேன், நிழல், பாய், குழந்தை எல்லாவற்றையும்.

அவர் சிரிக்கவில்லை. "சீக்கிரம் பிடிக்கிறாய். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் பிடிக்கிறாய். அது போதும், பின்னால் வருபவனுக்கு நீ என்ன செய்வாய் என்று தெரியும்" என்றார். "ஆனால் நாளைக்குக் கடைசியிலிருந்து கிளம்பு. உன் பின்னால் யாரும் வேண்டாம்."

மஞ்சள் ஸ்டிக்கரை அவரே கண்ணாடியில் ஒட்டினார். கொஞ்சம் கோணலாக.

சந்தோஷமாக இருக்கிறதா என்று கணவர் கேட்டார். தூக்கம் வருகிறது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலே வரவில்லை. பனி விலகும்வரை பந்தயத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். விலகிய பிறகும் வானம் சாம்பலாகவே இருந்தது. தடத்தில் எந்தக் கம்பத்துக்கும் நிழல் இல்லை. கார்கள் இரண்டிரண்டாக நின்றன. எனக்குப் பின்னால் வெற்றுத் தார்தான்.

சீக்கிரமே மற்றவர்கள் தூரத்தில் போய்விட்டார்கள். நான் தனியாக ஓட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சதுரம் வந்தது, அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள், நான் முன்னாலேயே பிரேக் பிடித்தேன். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் போனேன். கடைசிச் சுற்றில் அவளைப் பார்த்துக்கொண்டே போய், சதுரத்தின் விளிம்பில் பிரேக் பிடித்தேன். முன்சக்கரங்கள் அந்தப் புதிய தாரின் மேல் ஏறி இறங்கியது ஸ்டியரிங்கில் சன்னமாகத் தெரிந்தது. கார் திரும்பியது. மேட்டில் ஏறும்போது அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வந்தபோது மகள் பாயில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். சளி மூச்சில் மெல்லக் கொர்கொர்.

"எத்தனாவது?" என்றார் கணவர் கிசுகிசுப்பாக.

"கடைசி."

"கார் முழுசா இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன. நாளைக்கு ஆபீஸ் போகணும்."

குழந்தை இருக்கையை மறுபடி பொருத்தினேன். பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன், பிறகு இன்னொரு முறை. தூங்குகிறவளைத் தூக்கி உள்ளே வைத்துக் கொக்கியை மாட்டினோம். சாவி என் கையில்தான் இருந்தது. அதை அவரிடம் நீட்டினேன், பழக்கத்தில். அவர் ஏற்கெனவே இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.