மூன்று மொழியில் சண்டை போடுவேன் சார்

கிருஷ்ணகிரியில் கல்லூரி மைதானத்து வேலைவாய்ப்பு முகாமுக்கு, பக்கத்து வீட்டு ஷபானாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். வாசல் மேசையில் சீட்டுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதுதான் தெரியும், நான் அங்கே இல்லை.

இளவயதில் எனக்கு மாங்காய் மண்டியில் வேலை. பருவம் முடிந்தால் சும்மா உட்கார வேண்டியதுதான். வருஷம் முழுக்க ஒரு வேலை கிடைக்காதா என்று காவேரிப்பட்டினத்தில் பஸ் ஏறி வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கேயும் இதே வாசனை.

"என்னம்மா படிச்சிருக்க?" என்றார் குமாஸ்தா.

"பேரு எழுதுவேன் சார். அதுக்கு மேல கட்டவெரலுதான்."

"என்ன வேல தெரியும்?"

மாங்காய் ரகம் பிரிப்பேன் என்று சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "தமிழு, தெலுங்கு, கன்னடம் மூணுலயும் சண்ட போடுவேன் சார்."

வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என் பதிவு அட்டையில் 'மூன்று மொழி பேசுவார்' என்று எழுதி, எனக்குப் படித்தும் காட்டினார்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். கிளம்பினாலே என் நாத்தனார், "அண்ணிய கலெக்டரு கூப்டுட்டாரா?" என்பாள். "ஆமா, கூட்டிப் பெருக்க உன்னையும் கேட்டாரு" என்பேன். இரண்டுமுறை புதுப்பித்தேன். அப்புறம்தான் கார்டு வந்தது. ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு மூன்று மொழி பேசுகிற ஆள் வேண்டுமாம். அத்தனை பேர் அட்டைகளுக்கு நடுவில் என் வாய்த்துடுக்கு பத்திரமாக இருந்திருக்கிறதே! நினைத்தால் இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

அங்கே தகடு அழுத்தும் இயந்திரம் ஒவ்வொரு அடிக்கும் தரையை அதிரவைத்தது. நின்றவர்களில் பாதிப்பேர் எல்லைக்கு அந்தப்பக்கத்துக் கன்னட, தெலுங்கு ஆட்கள். "மிஷின் ஓடறப்ப கை வெக்கக்கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. அதான் உங்களுக்கு இன்டர்வியூ" என்றார் சூப்பர்வைசர்.

"கை வெக்காத! கை இடபேடா! செய்யி பெட்டொத்து!"

அத்தனை கைகளும் ஒரே நொடியில் பின்னுக்குப் போயின. மேசைமேல் இருந்த சூப்பர்வைசர் கையும்தான். நான் ஓய்வு பெறும்வரை அந்த வரிசையில் ஒருவர் விரல்கூடப் போகவில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

முகாமில் ஷபானா போனில் படிப்பையும் மார்க்கையும் தட்டினாள். நிமிஷத்தில் பதிவு முடிந்துவிட்டது. அதுவும் அதிசயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அவள் அப்பாவின் துணிக்கடையில் நாலு பாஷையில் வியாபாரம் பேசுகிறவள்.

"நாலு பாஷ வரும்னு போட்டியா?"

"எங்க போடறது பெரியம்மா? அதுக்குக் கட்டமே இல்ல."

முத்திரை குத்துகிறவரிடமாவது சொல்லிவைப்போம் என்று போய் நின்றேன். அவர் நிமிராமலே அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டினார்.