சாமான் வீட்டுக் கயிறு

சங்குச் சதை அழுகின வாடை ஒரு சுவரில் ஏறிவிட்டால் எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்தாலும் இறங்காது. தூத்துக்குடியில் எங்கள் தெருக்கோடியில், கடலைப் பார்த்தாற்போல் இருந்த, சங்கு குவித்துவைக்கிற பழைய "கிட்டங்கி"க்குள் கால் வைத்ததும் முதலில் அந்த வாடைதான் மூக்கில் ஏறும். அதற்குப் பிறகுதான் மரத்தூள் வாடையும் மீனெண்ணெய் வாடையும் தெரியும். இன்றைக்கும் மழை பெய்து சுவர் நனைந்தால் எங்கிருந்தோ அது வருகிறது. வீட்டில் வேறு யாருக்கும் வருவதில்லை.

அது யுத்தம் நடந்த காலம். துறைமுகத்தில் குண்டு போடப் போகிறான் என்று யாரோ சொல்ல, பாதித் தெரு மாட்டுவண்டி பிடித்து ஏரலுக்கும் சாத்தான்குளத்துக்கும் போய்விட்டது. தூக்கிக்கொண்டு போக முடியாத சாமான்களைக் காலியாகக் கிடந்த கிட்டங்கியில் போட்டுவிட்டுப் போனார்கள். குண்டு விழவில்லை. திரும்பி வந்தவர்கள் அண்டாவையும் பெட்டியையும் சண்டை போட்டு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பாட்டன் கடலுக்குள் இறங்கக் காலில் கோத்துக் குளித்த கல்லை, முத்துச் சலித்த பித்தளைச் சல்லடையை, சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர் வைத்திருந்த செம்பை ஒருவரும் கேட்டு வரவில்லை. முத்துக்குளிப்பு நின்று அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது, சங்குக் குளிப்புதான் நடந்துகொண்டிருந்தது. கேட்பாரில்லாமல் கிடந்ததையெல்லாம் துடைத்து, இன்னது இன்னாருடையது என்று எழுதி, சனங்கள் வந்து பார்க்கிற மாதிரி வைக்கலாமே என்று மூன்று பேருக்குத் தோன்றியது.

ஒருவர் சுப்பையா அண்ணாச்சி. ஏரல்காரர், துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதவர். அட்டை எழுதுவது அவர் வேலை. இன்னொருவர் தொபியாஸ் "ஓடாவி", வள்ளம் செய்கிற தச்சர். உடைந்த வள்ளத்துப் பலகையை அறுத்து அலமாரி அடித்தார். மூன்றாவது ஆள் தையல்கார ரோசக்கா. கிழிந்த பாய்த் துணியை வெட்டித் தைத்துத் திரை போட்டாள். யாரும் கூலி வாங்கவில்லை, கூலி கொடுக்க ஆளும் இல்லை. தெரு அதற்குச் "சாமான் வீடு" என்று பேர் வைத்துச் சிரித்தது.

"ஓடாவியாரே, எங்க மாமியாரக் கொண்டாந்து போடட்டா? அதுவும் பழசுதான்" என்பாள் எதிர்வீட்டுக்காரி.

"கொண்டா. ஆனா சத்தம் போடாத சாமானாத்தான் எடுப்போம்" என்பார் ஓடாவி.

எனக்கு அப்போது பத்து வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சாவி ரோசக்கா வீட்டு ஆணியில் தொங்கும், சனிக்கிழமைதோறும் அதை எடுத்துப்போய் உள்ளே பெருக்குவது நான். குளிக்கிற கற்களையெல்லாம் உத்திரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு கல்லும் ஒரு ஆள். எல்லோரும் செத்துப்போன ஆட்கள். கடற்காற்று ஜன்னல் வழியாக ஏறினால் கற்கள் மெல்ல ஆடி ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், கதவைத் தட்டி உத்தரவு கேட்கிற மாதிரி. நான் பயப்படவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் குளியாளி இஞ்ஞாசி மகள் பயந்து ஓடினாள் என்று தெருவில் ஒரு பேச்சு வரக்கூடாது என்று, நின்று பெருக்கிவிட்டுத்தான் வெளியே வருவேன்.

இஞ்ஞாசி என் அப்பா. சங்குக்கு முங்குகிறவர்களில் அவரைப் போல மூச்சுப் பிடிக்க ஆள் கிடையாது என்று இன்னும் சொல்வேன். முங்குகிறவன் கையில் ஒரு கயிறு இருக்கும். அதன் நுனியில் கை நுழைக்க ஒரு வளையம், அதைக் "கைக்கண்ணி" என்போம். மேலே வரவேண்டும் என்றால் அதைப் பிடித்து இரண்டு தரம் இழுப்பான். வள்ளத்தில் மறுமுனையைப் பிடித்திருப்பவன் உடனே தூக்கவேண்டும். அந்த மறுமுனையைப் பிடிக்கப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் வரவேண்டும், வேறு ஆளை விடமாட்டார்கள். அவன் அசந்தால் தாலி அறுப்பது அவன் அக்காளோ தங்கையோ அல்லவா, அதனால் அசரமாட்டான் என்று கணக்கு. என் அப்பாவுக்குக் கயிறு பிடித்தது அம்மாவின் தம்பி மிக்கேல் மாமா.

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு நாள் அப்பா மேலே வரவில்லை. மூன்றாம் நாள் கரை ஒதுங்கினார். கயிறு அறுந்துபோயிற்று என்று மாமா சொன்னார், வள்ளத்தில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். புருஷனைக் கொண்டுவராத கயிற்றைப் பெண்டாட்டி தொடக்கூடாது, ஆனால் அது அவள் வீட்டில்தான் இருக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா அதைச் சாக்கில் போட்டு, வாயைத் தைத்து, பரணில் ஏற்றிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் எந்த வள்ளத்திலும் கயிறு பிடிக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். மாலையில் அரிசியோ மீனோ வாசலில் வைத்துவிட்டு, "எக்கா, வச்சிருக்கேன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றதில்லை. அம்மா கயிறு திரித்துத்தான் என்னை வளர்த்தாள். நார் திரித்துக்கொண்டே இருப்பவள், சில நேரம் கையை நிறுத்திவிட்டுப் பரணைப் பார்ப்பாள்.

சாமான் வீட்டை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோருக்கும் திறந்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அம்மா ஓடாவியைக் கூப்பிட்டுச் சாக்கை இறக்கி எடுத்துப்போகச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு கயிறும் அங்கன தொங்கட்டும். அறுந்த கயிறுன்னாலும் அது அவரு கயிறு" என்றாள். தெரு முழுக்கச் சொல்லியும் விட்டாள்.

சனிக்கிழமை காலையில் நான் உள்ளே அலமாரிக்குப் பின்னால் பெருக்கிக்கொண்டிருந்தபோது மாமா ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, அந்தச் சாக்கத் தந்துருங்க."

"பிரிச்சாச்சே மிக்கேலு" என்றார் சுப்பையா அண்ணாச்சி. "கயிறு முழுசால்லா இருக்கு? கைக்கண்ணிகூட அப்படியே இருக்கு. அறுந்ததுன்னு ஊரே சொல்லுது."

"அறுந்ததுன்னே எழுதுங்க."

"இல்லாதத எப்படிவே எழுத?"

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கக்காவுக்காகச் சொல்லுதேன். அன்னைக்கு எனக்கு நல்ல காய்ச்ச. வரலக்கான்னேன். நீ வராட்டா யாருல பிடிப்பா, எந்திரின்னு அவதான் கஞ்சியக் குடிக்கவச்சு அனுப்புனா. வள்ளத்துல கண்ணு சொருகிருச்சு. மச்சான் இழுத்திருப்பாவ, எனக்குத் தெரியல. முழிச்சு இழுத்தா வெறுங்கயிறு வருது. இத நான் சொன்னா அவ என்னையக் கேக்கமாட்டா அண்ணாச்சி. தன்னையத்தான் கேப்பா."

ஓடாவிதான் மெதுவாக, "நுனிய வெட்டிட்டாப் போச்சு, யாரு பாக்கப்போறா" என்றார்.

"இங்க வந்த சாமான்ல ஒரு ஆணியக்கூட நாம பிடுங்கினதில்ல" என்றார் அண்ணாச்சி. "பொய்ய எழுதி வைக்கதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்? நான் அட்டை எழுதாம வெறுமனே விடுதேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அட்டை வெறுமையாக இருந்தால் என்ன, எழுதியிருந்தால் என்ன? ஆனால் கயிறு திரிக்கிறவளுக்குக் கயிற்றைப் பார்க்கத் தெரியாதா? நாளைக்கு அந்தக் கண்ணியைப் பார்ப்பாள், அப்புறம் எங்கள் வீட்டில் என்ன மிஞ்சும்? மத்தியானம் மூன்று பேரும் சாப்பிடப் போனதும் ஓடாவியின் கத்தியை எடுத்தேன். நுனியிலிருந்து இரண்டு சாண் விட்டு அறுத்தேன். பாதி அறுத்திருப்பேன், கயிறு என் கையில் இரண்டு தரம் வெடுக் வெடுக்கென்று இழுத்தது. முறுக்கு விட்டுப்போனால் கயிறு துள்ளத்தான் செய்யும் என்று பின்னால் எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். இருக்கலாம். நான் நிறுத்தவில்லை. அறுத்து முடித்து, நாரை நகத்தால் பிய்த்து அறுந்தது போலப் பண்ணினேன். கண்ணியைப் பாவாடைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் பின்னால் போய் அலையில் வீசினேன். தேங்காய் நார் முங்குமா? மிதந்துகொண்டே போயிற்று, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகிற ஆள் மாதிரி.

மறுநாள் தெருவே வந்தது. முக்காடு போட்டுக்கொண்டு அம்மாவும் வந்தாள். மாமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா நேரே கயிற்றுக்கு முன்னால் போய் நின்றாள். தொடமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் இரண்டு கையாலும் எடுத்து, தான் திரித்த கயிறு போல விரலை ஓட்டிக்கொண்டே நுனிக்கு வந்தாள்.

"இது அறுந்ததில்ல, அறுத்தது" என்றாள். "வெளிய கறுத்துக் கெடக்கு, உள்ள நாரு செம்பட்டையா இருக்கு. அறுத்த வாயில உப்புத்தண்ணியே படல. யாரு அறுத்தது?"

மாமா என்னைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. "நான்தான்க்கா" என்றார்.

"நீ எதுக்குலே அறுக்கணும்? அப்போ அன்னைக்கு..." என்று அம்மா ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. அவள் முகத்தில் அந்தப் பழைய காலைப்பொழுது ஏறுவதைப் பக்கத்தில் நின்று நான் பார்த்தேன். "காய்ச்சலாலே?" என்று மட்டும் கேட்டாள். மாமா தலையை ஆட்டினார்.

அம்மா அழவில்லை. "அண்ணாச்சி, அட்டைய எடுங்க, நான் சொல்லுதத எழுதுங்க" என்றாள். இஞ்ஞாசி குளித்த கயிறு. பிடித்தவன் மச்சான் மிக்கேல். காய்ச்சலோடு அவனை அனுப்பியவள் மனைவி சவேரியம்மாள்.

"இப்படி எழுதணுமாம்மா?"

"பொய் எழுதமாட்டியன்னுதான பேரு? எழுதுங்க."

அவர் எழுதி முடிக்கும்வரை நின்றாள். அப்புறம்தான் கேட்டாள்: "கண்ணி எங்கலே?"

நான் முன்னால் வந்து, நான்தான் அறுத்தேன், கடலில் போட்டுவிட்டேன் என்றேன். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

"அவரு கை கடைசியாப் பிடிச்சது அதத்தானளா" என்றாள். அதற்கப்புறம் சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. வெளியே வந்து மாமாவின் தோளைத் தொட்டு, "வா, சோறு திங்க" என்றாள். நாலு வருஷம் கழித்து அன்று மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அழுதார். அம்மா மீன் முள்ளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் மறுநாளிலிருந்து சாயங்காலமானால் அவளைக் கரையில்தான் தேடவேண்டும். அலை ஒதுக்குகிற கயிற்றுத் துண்டையெல்லாம் எடுத்து, விரித்துப் பார்த்து, மணலில் போட்டுவிட்டு நடப்பாள். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே நடப்பேன். கூப்பிட்டதும் இல்லை, போ என்று சொன்னதும் இல்லை. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் அவள் நடந்துகொண்டுதான் இருந்தாள்.

சாமான் வீடு சில வருஷம் நடந்தது. சுப்பையா அண்ணாச்சி போனார், ஓடாவி போனார். ரோசக்காவுக்குக் கண் மங்கியதும் சாவியை எடுக்க ஆள் இல்லை. சாலையை அகலமாக்கக் கிட்டங்கியை இடித்தபோது சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே போயிற்று என்று கேட்டேன், கேட்ட இடத்திலெல்லாம் அடுத்த இடத்தைக் காட்டினார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன.

தொண்ணூறைத் தாண்டிவிட்டேன். பேத்தி ஸ்கூட்டரில் என்னைக் கரைக்குக் கூட்டிப்போவாள். ஒதுங்கிக் கிடக்கிற கயிறெல்லாம் இப்போது பச்சையும் நீலமுமாக நைலான். தேங்காய் நாரில் ஒரு துண்டு கண்ணில் பட்டு எத்தனையோ வருஷமாகிறது. ஆனாலும் குனிந்து புரட்டிப் பார்க்காமல் என்னால் வர முடியவில்லை. அம்மா தன் தப்பை ஊர் பார்க்கத் தன் பேரோடு எழுதிவைத்தாள். அந்த அட்டை தொங்கிய காலமெல்லாம் சனிக்கிழமைதோறும் அதற்கு முன்னால் நின்று பெருக்கினேன். கண்ணியை அறுத்தவள் மகள் என்று இன்னும் ஒரு வரி சேருங்கள் என அண்ணாச்சியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அட்டையில் கீழே இடம் இருந்தது.